பச்சியப்பன் பேசியதாகச் சொல்லப்படும் மூன்று எண்கள்

1

இந்தக் கதையை ஒரு அரசாங்கப் பதிவேட்டிலிருந்து திருடினேன். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இருபத்துநான்கு வருடம் பதினோரு மாதமாக ஊரார் வாக்குமூலங்களை எழுதிக் கையெழுத்து வாங்கியவள் நான். சொந்த வாக்குமூலத்தை எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

என் பெயர் புஷ்பமேரி. தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்தில் எங்கோ இருக்கும் ஒரு காவல் நிலையத்தில் தலைமைக் காவலர். நிலையத்தின் எழுத்து வேலை முழுக்க என் மேசையில்தான் நடக்கிறது. புகார், வாக்குமூலம், விசாரணை அறிக்கை, காணாமல் போன ஆட்டுக்கு ரசீது, எல்லாம். இது போக, வேறு பெயரில் ஆறு சிறுகதைகள் வெளியிட்டிருக்கிறேன். ஆறிலும் போலீஸ் கிடையாது. மழையும் காதலும்தான்.

இது ஏழாவது. மூன்று முறை தொடங்கிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "காவல் நிலையத்து வேப்பமரத்தில் காக்கைகள் கரைந்துகொண்டிருந்த வெள்ளிக்கிழமைக் காலையில்" — அடித்துவிட்டேன். எங்கள் நிலையத்தில் வேப்பமரம் கிடையாது. பறிமுதல் செய்த பைக்குகள் துருப்பிடித்து நிற்கின்றன, காக்கை அவற்றின் மேல்தான் உட்காரும்.

இரண்டாவது தொடக்கம்: "அதிகாரம் என்பது" — அதற்கு மேல் ஓடவில்லை. அதிகாரம் என்பது என்னவென்று தெரிந்தவர்கள் எங்கள் நிலையத்துக்கு வருவதில்லை. தெரியாதவர்கள்தான் வருகிறார்கள்.

மூன்றாவது தொடக்கம் என்னுடையது அல்ல. பதிவேட்டில் உள்ளது. "பெயர்: பச்சியப்பன். வயது: 24. தொழில்: ஒலிபெருக்கி வாடகைக்கு விடுதல். 1983ஆம் ஆண்டு கூலி உயர்வு கேட்டும் இரட்டை டம்ளர் முறையை எதிர்த்தும் நடந்த பொதுக்கூட்டத்தைத் தொடங்கிவைத்துப் பேசினார்." இதை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆகவே கதை இங்கிருந்து தொடங்குகிறது.

(நிலையத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதப்போவதில்லை. "இதில் வருபவை யாவும் கற்பனையே" என்று ஒரு வரி சேர்த்தால் எனக்குப் பாதுகாப்பு என்று ஒரு நண்பர் சொன்னார். சேர்த்துக்கொள்கிறேன்: இதில் வருபவை யாவும் கற்பனையே. பச்சியப்பனைப் பற்றிய பதிவேட்டில் அப்படி ஒரு வரியை இதுவரை ஒருவரும் சேர்க்கவில்லை.)

2

என்ன ஆபத்து, யாருக்கு ஆபத்து என்பதை உடனே சொல்லிவிடுகிறேன். மர்மமாக வைத்திருந்து கடைசியில் உடைப்பது எனக்குப் பிடிக்காது.

பச்சியப்பனுக்கு இப்போது அறுபத்தாறு வயது. அவருடைய ஒரே மகள் கவிப்பிரியா இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் தேறியிருக்கிறாள். எழுத்துத் தேர்வு, ஓட்டம், பந்து எறிதல், மருத்துவம் எல்லாம் முடிந்துவிட்டன. மிச்சம் இருப்பது ஒரே ஒரு தாள். அவளுடைய நடத்தை, முன்வரலாறு, குடும்பப் பின்னணி பற்றி உள்ளூர் நிலையம் அனுப்ப வேண்டிய விசாரணை அறிக்கை. அது இன்று, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். அவளுக்கு இருபத்தேழு வயது முடிகிறது. அடுத்த தேர்வு வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள்.

அறிக்கையை எழுத வேண்டியவள் நான். அதில் ஒரு கேள்வி: குடும்பத்தில் எவரேனும் கண்காணிப்பில் உள்ளனரா? ஆம் எனில் விவரம்.

கண்காணிப்புப் பதிவேடு என்று எங்களிடம் ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பது என்றால் நேரில் போய் விசாரித்து எழுதுவது என்றுதான் விதி சொல்கிறது. நடப்பது வேறு. போன வருடத்துப் பக்கத்தைத் திறந்து இடது பக்கம் வைத்துக்கொள்வோம், இந்த வருடத்துப் பக்கத்தை வலது பக்கம். பார்த்து எழுதுவோம். தேதியை மட்டும் மாற்றுவோம். வயதைக்கூட மாற்ற மறந்துபோவதுண்டு. பச்சியப்பன் எங்கள் பதிவேட்டில் பதினேழு வருடம் இருபத்துநான்கு வயதிலேயே இருந்திருக்கிறார்.

3

இந்தப் பகுதியைக் கட்டுரை என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள்.

இந்த வாரம்தான் 1983இன் மூலக் கோப்பைத் தேடி எடுத்தேன். பழைய தாள்கள் கட்டி வைத்திருக்கும் அறையில், மூட்டைக்கு அடியில், எலி கடித்த ஓரத்தோடு கிடைத்தது. அந்தக் காலத்தில் பொதுக்கூட்டத்துக்கு ஒரு காவலரை அனுப்பி, மேடையில் யார் யார் எத்தனை மணிக்கு என்ன பேசினார்கள் என்று வரிசையாகக் குறித்து வரச் சொல்வார்கள். மைக்கில் வாய் வைக்கும் ஒருவரையும் விடக்கூடாது என்பது உத்தரவு. போன காவலர் நேர்மையானவர். ஒருவரையும் விடவில்லை. முதல் வரி இது:

"மாலை 6.10. பச்சியப்பன். ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ."

அவ்வளவுதான் அவர் பேசியது. அதற்குப் பிறகு மேடையின் பின்பக்கம் போய், ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இந்தக் குறிப்பை வைத்து நிலையத்தில் சுருக்க அறிக்கை எழுதியவர், முதலில் மைக்கில் பேசியவர் கூட்டத்தைத் தொடங்கிவைத்தவராகத்தானே இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். "தொடங்கிவைத்துப் பேசினார்."

பச்சியப்பனைப் பிடித்தார்கள். ஆம்ப்ளிஃபயரையும் பிடித்தார்கள். தூண்டிவிட்டுப் பேசியதாக இரண்டு வருடம் வழக்கு நடந்தது. அவர் என்ன பேசினார் என்று நீதிபதி கேட்டபோது அரசுத் தரப்புக்குச் சொல்லத் தெரியவில்லை. விடுதலை. ஆனால் எங்கள் பதிவேட்டில் விடுதலைக்கு என்று ஒரு கட்டம் கிடையாது.

பிறகு நடந்தவற்றை வரிசையாகப் படித்தேன். அந்தக் கூட்டத்தை நடத்திய கூலித் தொழிலாளர் சங்கம் அப்போது சட்டப்படி இயங்கிய சங்கம். ஏழு மாதம் கழித்துத் தடை செய்தார்கள். அடுத்த நகலில் "தடைசெய்யப்பட்ட சங்கத்தின் கூட்டத்தைத் தொடங்கிவைத்தவர்" என்று மாறுகிறது. தடை பின்னோக்கி நடந்து போய்க் கூட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டது. ஆட்சி மாறுகிறது, ஒரு சுற்றறிக்கை வருகிறது: "சங்கத்தின் பேச்சாளர்." மறுபடியும் மாறுகிறது, புதிய சட்டம் ஒன்று வருகிறது: "தீவிரவாத ஆதரவாளர்." இன்னொரு காலம்: "இடதுசாரித் தீவிரச் சித்தாந்தம் கொண்டவர்." சமீபத்தில்: "தேச விரோதக் கருத்துகளுக்கு இணக்கமானவர்."

இந்த நாற்பத்திரண்டு வருடமும் பச்சியப்பன் என்ன செய்தார்? ஒயர் சுற்றினார். மாரியம்மன் பண்டிகைக்கும் எங்கள் மாதா கோவில் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினார். காது குத்துக்குக் கட்டினார், சாவுக்குக் கட்டினார். எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போனார். அடக்குமுறைச் சட்டங்களைக் குப்பையில் எறிவோம் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் முழங்கியதும் அவருடைய மைக்கில்தான். அதே ஆட்கள் ஆட்சிக்கு வந்த பிறகு அனுப்பிய சுற்றறிக்கையில்தான் அவருக்குப் புதுப்பெயர் வந்தது. சென்ற வருடம் சட்டப் புத்தகங்களின் பெயரே மாறியது. பிரிவு எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லி எங்களுக்கு மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். பச்சியப்பன் பக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

சட்டம் சட்டசபையில் பிறக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். சரிதான். ஆனால் அது வளர்வது என்னைப் போன்றவர்களின் கையெழுத்தில்.

* அடிக்குறிப்பு: மேலே உள்ள கடைசி வாக்கியம் நன்றாக வந்திருப்பதாக எனக்கே தோன்றுகிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது. காரணம் அடுத்த பகுதியில்.

4

"2011ஆம் ஆண்டு அந்த நிலையத்தில் பணிபுரிந்த ஒரு பெண் காவலர்" — இல்லை. அடித்துவிட்டேன். நான்தான்.

பதினான்கு வருடத்துக்கு முன் இதே நிலையத்தில் எழுத்து வேலைக்கு உதவியாளராக இருந்தேன். அப்போது மேலேயிருந்து ஒரு கடிதம் வந்தது. பட்டியலில் செயல்படாதவர்கள் இருந்தால் நீக்கப் பரிந்துரைக்கலாம், தொடர்வதாக இருந்தால் காரணம் எழுத வேண்டும் என்று. நாற்பது வருடத்தில் திறந்த ஒரே கதவு அதுதான். எனக்கு மேல் இருந்த முனியப்பன் ஏட்டிடம், பச்சியப்பன் பேரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டே சொன்னார்.

"எடுத்தா, ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க மேரி. வெச்சிருந்தா, ஏன் வெச்சிருக்கறேன்னு ஒருத்தனும் கேக்கமாட்டான். காரணத்த மட்டும் நல்லா எழுது. நீதான் கதையெல்லாம் எழுதற புள்ளயாச்சே."

காரணம் ஒன்றும் இல்லை. அந்த மாதம் நல்ல தண்ணீர் கேட்டுப் பெண்கள் குடத்தோடு சாலையில் உட்கார்ந்தார்கள், அதற்கு அவர் மைக் கொடுத்திருந்தார். அவ்வளவுதான். அவர்மேல் ஒரு புகார் இல்லை. யாரோடும் சண்டை இல்லை. எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. எழுத ஒன்றுமில்லாத ஆளைப் பற்றி எழுத வேண்டும். அதே வாரம் ஒரு பத்திரிகை என் கதையைத் திருப்பி அனுப்பியிருந்தது. எனக்கு எழுதத் தெரியும் என்று யாரிடமாவது காட்ட வேண்டியிருந்தது. இப்படி எழுதினேன்:

"வெளிப்படையாக எந்த நடவடிக்கையிலும் ஈடுபடுவதில்லை. அமைதியாக இருப்பதே இவரது செயல்முறை."

அன்றைய இன்ஸ்பெக்டர் பச்சை மையில் அடிக்கோடு போட்டு "நன்று" என்று எழுதினார். என் எழுத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு. வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போனேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அந்த வாக்கியம் என்ன செய்கிறது என்று இப்போது பாருங்கள். ஒருவர் பேசினால் பேச்சாளர். பேசாவிட்டால் அதைவிட மோசம். அதிலிருந்து வெளியே வர வழியே இல்லை. எந்தச் சித்தாந்தமும் எனக்கு அப்படி எழுதச் சொல்லவில்லை. சித்தாந்தம் ஒரு காலிக் கட்டத்தை மட்டும் அனுப்பியது. நிரப்பியவள் நான்.

பிறகு மாறுதலில் தொப்பூர்ப் பக்கம் போனேன். கணவாயில் கவிழ்ந்த லாரிகளைப் பற்றியே பல வருடம் எழுதினேன். மூன்று வருடத்துக்கு முன் இங்கே திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தபோது என் வாக்கியம் எனக்காக உட்கார்ந்திருந்தது, வெவ்வேறு ஆட்களின் கையெழுத்தில், ஒரு எழுத்து மாறாமல். என் சிறுகதைகளை ஒருவரும் மறுபதிப்புச் செய்ததில்லை.

திரும்பி வந்த பிறகு நானும் மூன்று முறை அதைப் பார்த்து எழுதியிருக்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்டால் என்னை உங்களுக்குக் கொஞ்சம் பிடித்திருக்கும்.

5

கவிப்பிரியா இன்று காலை பதினொன்றரைக்குச் சான்றிதழ்களோடு வந்தாள்.

(முதல் வரைவில் அவளை அழவைத்திருந்தேன். "அவள் கண்களில் நீர் திரண்டது" என்று ஒரு வரி இருந்தது. அவள் அழவில்லை. மனு கொடுக்க வருகிற பெண்கள் அழுவதை எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. அவளை நேராக நிற்கவிடுகிறேன்.)

நேராக நின்றாள். கறுத்து, ஒல்லியாக, மைதானத்தில் ஓடி ஓடிக் காய்ந்த முகம். உடல்திறன் தேர்வு எல்லாவற்றிலும் முழு மதிப்பெண், இரண்டு ஸ்டார், வாங்கியிருப்பதாகச் சொன்னாள். தாள்களைச் சரிபார்த்தேன். சாட்சிக் கையெழுத்து, பள்ளி மாற்றுச் சான்றிதழ், எல்லாம் சரி. போகலாம் என்றேன். போகவில்லை.

"மேடம், ஒன்னு கேக்கலாங்களா? எங்கப்பா பேரு இங்க ஏதோ நோட்டுல இருக்குதுன்னு சொல்றாங்க. அதுல என்ன எழுதியிருக்குதுன்னு ஒரு தடவ படிச்சிக் காட்டுவீங்களா?"

அந்தப் பதிவேடு ரகசியம். யாருக்கும் காட்டக்கூடாது, அதில் யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவருக்குக் கண்டிப்பாகக் காட்டக்கூடாது. அது என் வலது கைக்கு அடியில், மேசை மேலேயே இருந்தது. பழைய கேஸ், ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

"ஒன்னுமில்லாததுக்கா மேடம், எலக்சன் வந்தா ரெண்டு பேரு எங்க வூட்டுக்கு வராங்க?"

தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். குடித்தேன். அவள் குரலை ஏற்றாமல் சொல்லிக்கொண்டே போனாள். தேர்தல், சுதந்திர தினம், பெரிய தலைவர் யாராவது இந்தப் பக்கம் வந்தால், இரண்டு போலீஸ் வீட்டுக்கு வருமாம். அம்மா டீ போட்டுக் கொடுப்பாராம். மைக் செட் வைத்திருப்பவர்களையெல்லாம் அப்படித்தான் வந்து பார்ப்பார்கள் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறாராம். அவருக்குப் பதிவேடு பற்றி ஒன்றும் தெரியாதாம். தெரியவும் வேண்டாமாம்.

பிறகு, போகிற போக்கில் சொல்வது போல, இதைச் சொன்னாள்.

"எங்கப்பா மைக்குல பேசவே மாட்டாருங்க மேடம். விரல்ல மூனு தட்டு தட்டுவாரு, அவ்ளோதான். சின்ன வயசுல நான் ஒருக்கா ஆன்ல இருந்த மைக்க எடுத்து அலோ அலோன்னேன். அடிச்சிட்டாரு. வாழ்க்கையில என்னை அடிச்சது அந்த ஒரு தடவதான்."

அவள் போன பிறகு பதிவேட்டைத் திறந்தேன். பிறகு மூடினேன். எழுத்தாளராக இருந்தால் இந்த இடத்தில் பாத்திரத்தின் மனத்தில் ஏற்படும் மாற்றத்தை எழுத வேண்டும். எனக்கு ஏற்பட்டது மாற்றம் அல்ல. மூலக் கோப்பை எடுத்து அதன் முதல் வரியை மறுபடியும் படித்தேன்.

6

இன்ஸ்பெக்டர் மாதவராஜை வில்லனாக எழுதப் பார்த்தேன். ஒத்துவரவில்லை.

"முறுக்கிய மீசையும் சிவந்த கண்களும்" — அடித்துவிட்டேன். பொம்மிடிக்காரர். வயிற்றுப் புண். மத்தியானம் தயிர்ச் சாதம் மட்டும் சாப்பிடுவார். கைதிகளிடம்கூட 'வாங்க, போங்க' என்று பன்மைதான். எனக்கு வில்லன் கிடைத்தால் கதை சுலபமாக முடிந்துவிடும், அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் வெளியே வந்துவிடலாம். கிடைக்கவில்லை.

இரண்டரை மணிக்கு அவரிடம் மூலக் கோப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். முழுவதும் படித்தார். மைக் டெஸ்டிங் வரியைப் படித்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது. ஆனால் இதை அறிக்கையில் எழுதட்டுமா என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் வேறு.

"உள்ளது உள்ளபடி போட்டுருங்க மேடம். கண்காணிப்புல இருக்காருன்னா இருக்காரு. முடிவு பண்றது நம்ம இல்ல, மேல பண்ணுவாங்க."

மேலே இருப்பவர்கள் நம்முடைய வரியைப் படித்துத்தானே முடிவு செய்வார்கள் என்றேன். அவர் தயிர்ச் சாத டப்பாவை மூடினார். இந்தப் பதிவேட்டை எந்த ஆட்சியாவது எடுத்துவிடாதா என்று நான் கேட்டது முட்டாள்தனம்தான், ஆனாலும் கேட்டேன்.

"யாரும் எடுக்கமாட்டாங்க. எதிர்க்கட்சியா இருக்கறப்ப கிழிக்கணும்பாங்க. வந்த மறுநாளு அதுக்கு நல்லா அட்டை போடச் சொல்லுவாங்க. உள்ள இருக்கற பேரு மாறலாம். நோட்டு வேணும்ங்க மேடம், எல்லாருக்கும் வேணும்."

பிறகு அக்கறையோடுதான் சொன்னார்: "பதிவேட்டுல தப்புன்னு எழுதினா, எழுதினது யாருன்னு தேடுவாங்க. உங்களுக்கு அடுத்த மாசம் எஸ்.எஸ்.ஐ. வருது."

இருபத்தைந்து வருடம் முடித்தால் சிறப்பு உதவி ஆய்வாளர் பதவி. தோளில் ஒரு நட்சத்திரம். முப்பது நாள்தான் பாக்கி. 2011ஆம் வருட வாக்கியம் என்னுடையது என்பது அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்க்காமல் டப்பாவைக் கழுவப் போய்விட்டார்.

7

நான்கு மணி. இந்தப் பகுதியை நிகழ்காலத்தில் எழுதுகிறேன். இது ஒரு தந்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறந்த காலத்தில் எழுதினால் நான் ஏற்கெனவே ஏதோ முடிவு எடுத்துவிட்டவள் போலத் தெரியும்.

நிலைய வளாகத்தில் இன்று போதைப் பொருள் எதிர்ப்பு உறுதிமொழி. பக்கத்துப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் வரிசையாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மைக் செட் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாலைப் பாதுகாப்பு வாரம், குழந்தைத் திருமண விழிப்புணர்வு, இன்றைய உறுதிமொழி, எங்கள் நிலையத்தின் எல்லா நிகழ்ச்சிக்கும் பல வருடமாக அவர்தான் குழாய் கட்டுகிறார். பதிவேட்டில் "கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கொடுத்து உதவுகிறார்" என்ற வரி இருக்கிறது. எந்தக் கூட்டங்கள் என்று இல்லை.

ஜன்னலுக்கு வெளியே பச்சியப்பன் ஒயர் இழுத்துக்கொண்டிருக்கிறார். நரைத்த தலை, சட்டைப் பையில் டெஸ்டர். ஜன்னல் வழியாக ஒயரை நீட்டுகிறார், நான் வாங்கி என் மேசைக்கு அடியில் உள்ள பிளக்கில் செருகுகிறேன். சுவிட்சு என் காலடியில். மேசை மேல் இடது பக்கம் பதிவேடு. வலது பக்கம் விசாரணை அறிக்கை, கடைசிக் கட்டம் காலி. அதற்கு அடியில் இந்தக் கதை.

"சுச்சு போடுங்க மேடம்" என்கிறார். போடுகிறேன்.

குழாயில் ஒரு இரைச்சல் எழுந்து அடங்குகிறது. அவர் மைக்குக்கு முன் போய் நின்று விரலால் தட்டுகிறார். டொக். டொக். டொக்.

இன்ஸ்பெக்டர் படியில் நிற்கிறார். பின்வரிசைக்குக் கேட்கிறதா என்று அவருக்குச் சந்தேகம்.

"தட்டினா எப்படித் தெரியும்? பேசிப் பாருங்க."

பச்சியப்பன் சிரித்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தட்டுகிறார்.

"அட, பேசுங்க பெரியவரே. ஒன்னு ரெண்டு மூனுன்னாச்சும் சொல்லுங்க. பேசினா புடிச்சிக்கிட்டா போயிருவோம்?"

பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இரண்டு காவலர்களும் சிரிக்கிறார்கள். பச்சியப்பன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, மரியாதையாக, வானிலை சொல்வது போலச் சொல்கிறார்:

"ஆமாங்க சார். புடிச்சிக்கினு போனாங்க."

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு அப்படியே முகத்தில் நிற்கிறது. மத்தியானம்தான் கோப்பைப் படித்தவர். உள்ளே போகிறார். பச்சியப்பன் மைக் ஸ்டாண்டின் உயரத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி இறக்கிவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். உட்காரும் முன் ஜன்னல் பக்கம் ஒரு முறை பார்க்கிறார். என்னையா, பதிவேட்டையா என்று தெரியவில்லை.

எங்கள் ஆட்கள் ஏன் வீட்டுக்கு வருகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மகளிடம் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார். மகள் அவரிடம் தெரியாத மாதிரி இருக்கிறாள். நாற்பத்திரண்டு வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் வாயைத் திறக்காமல், விரலால் மட்டும் தட்டி, எங்கள் ஆட்களுக்கு டீ கொடுத்து, அவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

அமைதியாக இருப்பதே இவரது செயல்முறை.

நான் ஜோடித்த பொய் அது. அது உண்மையாகிவிட்டது. நாங்கள்தான் ஆக்கினோம். இதைவிடக் கேவலமாக ஒரு எழுத்தாளர் ஜெயிக்க முடியாது.

8

நான்கு ஐம்பது. மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்று: "ஆம். மனுதாரரின் தந்தை கண்காணிப்பில் உள்ளார்" என்று எழுதி, பதிவேட்டில் உள்ளதை அப்படியே நகல் எடுக்கிறேன். யாரும் கேட்கமாட்டார்கள். முப்பது நாளில் எனக்கு நட்சத்திரம். இந்த முடிவை நீங்கள் வெறுப்பீர்கள். ஆனால் இந்த நாட்டில் எந்த நிலையத்திலும் இன்று ஐந்து மணிக்கு நடக்கக்கூடியது இதுதான் என்று உங்களுக்கும் தெரியும்.

இரண்டு: "இல்லை" என்று எழுதுகிறேன். அவளுக்கு வேலை கிடைக்கிறது. பிள்ளைகள் உறுதிமொழி எடுக்கிறார்கள், கதை இனிப்பாக முடிகிறது. ஆனால் பதிவேடு அப்படியே இருக்கும். என்றைக்காவது யாராவது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உண்மையை மறைத்து வேலையில் சேர்ந்தவள் என்று அவள்மேல் வழக்கு வரும். பொய்யை இன்னொரு பொய்யால் அடித்தால் அடி அவள்மேல்தான் விழும்.

மூன்று: "ஆம், கண்காணிப்பில் உள்ளார். அதற்கு அடிப்படை கிடையாது. 1983இல் அவர் பேசியது மூன்று எண்கள் மட்டுமே, மூலக் குறிப்பு இணைக்கப்பட்டுள்ளது. 2011இல் எழுதப்பட்ட காரணம் கற்பனை. எழுதியவர் கீழே கையெழுத்திட்டவர்" என்று எழுதுகிறேன். நல்ல முடிவு. கதையில் நன்றாக இருக்கும். என்னை விசாரிப்பார்கள், அது பரவாயில்லை என்று எழுதத்தான் ஆசை. பரவாயில்லை என்று இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அதோடு, விசாரணை முடியும்வரை அவளுடைய தாளையும் நிறுத்தி வைக்கலாம். அதற்குள் அவளுக்கு வயது தாண்டிவிடும். என் மனச்சாட்சியைக் கழுவ அவளுடைய வேலையைத் தண்ணீராக ஊற்றியவள் ஆவேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த ஐந்து மணி எப்போதோ முடிந்துபோயிருக்கும். நான் ஏதோ ஒன்றை எழுதித்தான் இருப்பேன். என்ன எழுதினேன் என்று சொல்லமாட்டேன். சொன்னால் என்னை மன்னிப்பீர்கள் அல்லது திட்டுவீர்கள், இரண்டில் எதைச் செய்தாலும் உங்கள் வேலை முடிந்துவிடும். முடியக்கூடாது.

இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன். நாற்காலி கொஞ்சம் ஆடும், இடது காலுக்கு அடியில் அட்டை வைத்திருக்கிறது. உட்காருங்கள். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவராக இருந்தாலும் பரவாயில்லை, இந்த நாற்காலியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பேனா இருக்கிறது. வெளியே பிள்ளைகள் உறுதிமொழி சொல்ல எழுந்து நிற்கிறார்கள். மைக் ஆனில் இருக்கிறது, காலைப் பார்த்து வையுங்கள்.

எழுதுவதற்கு முன் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வேலை கிடைத்து, அவள் நன்றாக எழுதுகிற பெண்ணாகவும் இருந்தால், சில வருடங்களில் இதுபோல ஒரு மேசைக்கு அவளை அனுப்புவார்கள். இதே மேசையாகவும் இருக்கலாம். வருடக் கடைசியில் பழைய பக்கத்தை இடது பக்கமும் புதுப் பக்கத்தை வலது பக்கமும் வைத்துக்கொண்டு, தகப்பனைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை அவள் தன் கையால் பார்த்து எழுத வேண்டிவரும். வேலை கிடைக்காவிட்டால் வேறு யாரோ எழுதுவார்கள். எப்படியும் அந்த வரி நகலெடுக்கப்படும்.

நான் விட்டுவைத்த இடம் இது. முடித்தவர் கீழே தெளிவாகப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"மனுதாரரின் தந்தை திரு. பச்சியப்பன் என்பவர்